கமராவை மூடின கொடி

ஆவணி 2, ஞாயிறு

கச்சான் காற்று. முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி. மூன்று தரம் கூட்டியாச்சு. நாலாந்தரம் காற்றே கூட்டட்டும் என்று விளக்குமாறை வைத்துவிட்டேன்.

லண்டனில் இருந்து தம்பி அனுப்பின பெட்டி வந்தது. சொக்கிலேற், கண்ணாடிக் கேக் தட்டுகள், இந்த டயறி. டயறி எனக்கென்று வந்தது இல்லை. தட்டுகள் உடையாமல் இருக்க நடுவில் செருகினது. பரவாயில்லை. ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து. கோழி நடந்த மாதிரி இருந்தாலும் என் கோழிதானே.

தம்பியின் மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள். சாமத்தியச் சடங்கு, 27ஆந் திகதி, இந்த வீட்டில். வவுனியாவில் மண்டபம் எடுத்திருக்கலாம். வீடு வீடியோவில் வரவேண்டுமாம். பூவரசங்குளத்தில் இப்படி ஒரு வீடு இல்லை, அது உண்மை. மேலே ஐந்து அறை, ஒன்றிலும் ஆள் இல்லை. கீழே பின்னறையில் நான். வீடு பார்க்க இருக்கிற ஆள், தமக்கை, இரண்டும் ஒன்றில்.

தம்பி பெண்சாதி போனில் சொன்ன வேலைகள். (மச்சாள் என்று முழுக்க எழுதக் கை நோகுது. இனி ம.)
- ஹோலுக்குத் திரைச்சீலை. மயில் நீலம், பொன் கரை.
- வீட்டுக்குள் வைக்கிற செடிகள். படம் அனுப்புவா.
- கேக் மேசை. எல்லாம் வீட்டில் செய்தது. கடைக் கேக் எல்லாரும் வைக்கினமாம்.
- உள் குசினியில் மீன் காய்ச்சக் கூடாது. (இது எப்போதும் உள்ளது. சாமிக்குப் பூ மாதிரி கடைசியில் வைப்பா.)

பின்னேரம் கொக்கிளாயில் இருந்து மகள் தர்சி போன் எடுத்தாள். கால் வீக்கம். எப்போது வந்து கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதானே முறை. அவளுக்கு அங்கே மாமியும் இல்லை, செத்துப் பல வருசம். கதைத்துச் சொல்கிறேன் என்றேன். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. தெரியும்.

ஆவணி 4, செவ்வாய்

வெயில். கிணறு கீழே போய்விட்டது.

விடிய எழும்பி மாப்பிள்ளைக்கு வணக்கம் சொன்னேன். மாப்பிள்ளை என்பது ஹோல் மூலையில் இருக்கிற கமரா. பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு வேலையும் செய்யாது, அதனால் அந்தப் பெயர். கேற் தூணில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, குசினி வாசலில் ஒன்று. எல்லாம் லண்டனில் தம்பியின் போனுக்குள் தெரியும். பார்க்கிறது மட்டும் இல்லை, கதைக்கவும் செய்யும். பூட்டின புதிதில் ஒருநாள் சுவர் "அக்கா, கேற் திறந்து கிடக்குது" என்றது. கையில் இருந்த வாளி காலில் விழுந்தது. இப்போது பழகிவிட்டது. சில நாள் அதைவிட்டால் கதைக்க ஆளில்லை.

தர்சியைக் கூட்டிவருகிற கதையை எடுத்தேன். தம்பி ம. கையில் போனைக் கொடுத்துவிட்டான்.

"வரட்டும் மச்சாள், அவளும் எங்கட பிள்ளைதானே. ஆனா சடங்குக்கு முதல் இஞ்ச பிள்ளை பிறந்தால் வீட்டுக்கே துடக்கு. பிறகு என்னெண்டு செய்யிறது? விமானத்துக்கு ரிக்கற்றும் எடுத்தாச்சு."

ஐயரிடமும் கேட்டாவாம். கட்டிக்கொடுத்த பிள்ளை புருசன் வீட்டுக்குச் சொந்தம், அங்கே பெற்றால் இந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லை. நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினால்தான் துடக்கு, பிள்ளைத் தீட்டு. தூக்கினால் முப்பத்தொரு நாள் கழியும்வரை இந்த வாசல்படி ஏறக்கூடாது, விளக்கில் கை வைக்கக்கூடாது. 28ஆந் திகதி போய் ஆசை தீரத் தூக்குங்கோ என்றா.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது. முல்லைத்தீவில் எனக்கிருந்த வீடு இப்போது இல்லை, அவரும் இல்லை. கொட்டிலில் கிடந்தவளைக் கூட்டிவந்து சாப்பாடும் அறையும் தந்தது தம்பி. அதைச் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை. சொல்லிக்காட்டினால் ஒரு சண்டை பிடிக்கலாம்.

தர்சிக்குச் சொன்னேன். "சரி அம்மா" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

ஆவணி 6, வியாழன்

செடிப் படங்கள் வந்தன. மணிப்பிளாண்ட், இரண்டு மூன்று குரோட்டன், பிறகு வாள் மாதிரி நீட்டுக்கு நிற்கிற ஒன்று. லண்டனில் ஒவ்வொரு வீட்டு ஹோலிலும் இது நிற்குதாம், காற்றைச் சுத்தம் செய்யுமாம், வவுனியாவில் எங்கேயாவது தேடி வாங்குங்கோ என்று ம.

வேலிக்கு அங்கால் இருக்கிற சரசுவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். சரசுவின் தகப்பன் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது மருளுல்ல? எங்க வீட்டுக்காரரு போன வாரந்தான் வெட்டி எரிச்சாரு."

மருளேதான். குளத்துப் பக்கப் பத்தைக்குள் காடாய்க் கிடக்கிறது, மாடும் தின்னாது. இரண்டு பேரும் மண்வெட்டியோடு போய்க் கிளப்பி வந்தோம். பழைய பெயின்ற் வாளிகளுக்குச் சீமெந்துக் கரைசல் பூசி, மேலே மயில் நீலம் அடித்து, அதில் நட்டு ஹோலில் வரிசையாக வைத்தேன். மருளுக்கு வந்த வாழ்வு. படம் அனுப்பினேன். ம. மூன்று இதயம் போட்டா. எந்தக் கடை என்று கேட்டா. கடைக்காரர் பெயர் சொல்லவில்லை என்றேன்.

பத்தைக்குள் நிற்கும்போது போன் அடித்தது. தம்பி.
"அக்கா, எங்க நிக்கிறியள்? கேற் தாண்டிக் கனநேரம்."
"காட்டுக்குள்ள நிக்கிறன் தம்பி. உன்ர வீட்டுக்குக் காத்துச் சுத்தம் செய்ய."
சிரித்தான். சிரித்துவிட்டு, வீடு தனிய என்றான். திரும்பி வந்தேன்.

ஆவணி 9, ஞாயிறு

கேக் பரீட்சை. ஓவனுக்கு இரண்டு வருசமாய் மேல் ஒட்டின பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. இன்றைக்குக் கழற்ற உத்தரவு. பட்டரும் சீனியும் கை ஓயும்வரை அடித்து, முட்டை ஒவ்வொன்றாய் விட்டு, மா அரித்துப் போட்டேன். உள்ளே வைத்துக் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன், படம் பார்க்கிற மாதிரி. நல்லாய்ப் பொங்கியது. ஆசையில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பொத்தென்று இருந்துவிட்டது. நடுவில் கூழ்.

சுவர் சொன்னது, "அக்கா, உங்கட மச்சாள் கேக்கிறா, கேக் எப்படி?"
"குளம் மாதிரி இருக்குது தம்பி. நடுவில தண்ணி."

மத்தியானம் பின்னுக்கு விறகடுப்பில், பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணல் போட்டுச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து, மூடி, மூடிக்கு மேலும் நாலு தணல். முல்லைத்தீவில் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, பக்கத்து வீட்டு மேரி அப்படித்தான் போடுவாள். பொன் நிறத்தில் வந்தது. நடுவிலும் வெந்தது. அந்தக் கேக்கைத் தூக்கி ஓவனுக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

"பாத்தியளே மச்சாள், ஓவனில போட்டால் எவ்வளவு வடிவு" என்று ம.

சரசு வீட்டார் முக்கால்வாசி தின்றார்கள். ஒரு துண்டு பேப்பரில் சுற்றி வைத்தேன், தர்சிக்கென்று. வைத்த பிறகுதான் நினைத்தேன், யார் கொண்டுபோவது. எறும்பு வந்தது. எறும்பு போகலாம் வரலாம்.

ஆவணி 12, புதன்

திரைச்சீலை தைத்து முடிந்தது. கொழுவிவிட்டு நின்று பார்த்தேன். யன்னல் கம்பி தெரியவில்லை, வடிவாய் இருக்கிறது.

மணிப்பிளாண்டை மூலை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். ஒரு நீட்டுக் கொடியை நூலால் கொஞ்சம் மேலே கட்டிவிட்டேன். அது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் ஒரு பெரிய இலையை முகத்துக்கு நேரே விரித்துவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுத வந்தேன். டயறிக்குமா பொய்.

"அக்கா, ஹோல் ஒண்டும் தெரியேல்லை. பச்சையாய்க் கிடக்குது."
"கொடிக்குக் கண்ணில்லை தம்பி. வெளிச்சம் கண்ட பக்கம் போகுது."
"இழுத்து விடுங்கோ."
"இழுத்தால் முறியும். மச்சாள் பேசுவா."

ம. பெயர் சொன்னதும் அடங்கிவிட்டான். பாவம், அவனுக்கும் ஒரு கமரா இருக்கிறது.

இலைக்குக் கீழே, ஹோலில், பெரிய கதிரையில், காலை மேலே தூக்கிப் போட்டு இருந்தேன். இரண்டு வருசத்தில் முதல் தரம். கதிரை அவ்வளவு சுகம் இல்லை.

சடங்குக்கு எனக்குச் சீலை என்ன நிறம் என்று கேட்டேன், எல்லாருக்கும் ஒரே நிறமாம் என்று கேள்விப்பட்டபடியால். ம. கொஞ்சம் யோசித்தா. "நீங்கள் குசினியைப் பாத்தால் காணும் மச்சாள். ஆரத்திக்கு எப்பிடியும் நீங்கள் வரேலாதுதானே."

ஓம். புருசன் இல்லாதவள் தட்டுத் தூக்கக்கூடாது. எனக்குத் தெரியாததா. சும்மா நிறம்தான் கேட்டேன்.

கப் கேக்குக் கடதாசி வவுனியாவில் வாங்க வேண்டும். மறக்கக்கூடாது.

ஆவணி 15, சனி

காற்று இல்லை. புழுக்கம். அரசாங்க நேர்ஸ் தர்சிக்குப் பிரசர் கூட என்று சொன்னாவாம். மருமகன் நண்டு வலையைக் கரையில் போட்டுவிட்டு வீட்டோடு நிற்கிறான். அவன் நல்லவன். ஆனால் பயந்தவன், பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் எனக்கு எடுக்கிறான், மாமி தலை சுத்துதாம், மாமி இப்ப சுத்தேல்லையாம்.

சரசு சொன்னாள், "போயிட்டு வாங்கக்கா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்." போய் ஒருநாள் நின்றுவிட்டுப் பிள்ளை பிறக்க முதல் வந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். தம்பியிடம் கேட்டேன். ஒரு கிழமையில் வருகிறோம் அக்கா, இந்த நேரம் வீட்டை விட்டால் எப்படி என்றான். வெளிநாட்டு ஆட்களின் வீடு என்றால் கள்ளர் மணம் பிடிப்பான்களாம். மணம் வருவதென்றால் கேக் மணம்தான் வரும்.

இன்றைக்குப் பகிடி சரியாக வரவில்லை. பின்னேரம் கேற் மட்டும் போய், கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் போனது. தூண் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நிற்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

மருள் ஒன்று குருத்து விட்டிருக்கிறது. வாளிக்குள் அடங்கி நின்றுகொண்டே. என்னைப் போல ஒரு சாமான்.

ஆவணி 19, புதன்

ஐசிங் சீனி அரித்துக்கொண்டு நிற்கும்போது போன். மருமகன். அழுகிறான். எனக்கு உயிர் போய் வந்தது.

பொம்பிளைப் பிள்ளை. திகதிக்கு முந்தி. வெட்டித்தான் எடுத்ததாம், முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில். இரண்டு பேரும் சுகம். அதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை மாமி என்றான். வாட்டில் மற்றப் பெண்களுக்கெல்லாம் தாய்மார் நிற்கினமாம், தர்சி கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளாம், ஆம்பிளையை அவன் நேரத்துக்குத்தான் உள்ளே விடுகினமாம்.

தம்பிக்குச் சொன்னேன். சந்தோசம் அக்கா என்றான். ம. வந்து, நல்ல சகுனம், 28ஆந் திகதி போகலாம், நான் லண்டனில் இருந்து பிள்ளைக்குச் சட்டை கொண்டுவாறன் என்றா. நல்ல மனம்தான். சட்டை போடும்வரை பிள்ளையை யார் தூக்குவது என்று கேட்கவில்லை.

கை முழுக்க ஐசிங் சீனி. போன் பிசுபிசுப்பு.

ஆவணி 20, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துத் துள்ளுது.

விடிய இலைக்குக் கீழே நின்று பை கட்டினேன். மாற்றுச் சீலை ஒன்று, அவித்த துணித்துண்டுகள், பிள்ளை பெற்றவளுக்கு இடித்த சரக்குத்தூள், நேற்றுப் போட்ட ரவைக் கேக்கில் பாதி. செடிக்குத் தண்ணீர் விட்டேன். வீட்டைப் பூட்டி, திறப்பைச் சரசுவிடம் கொடுத்தேன். லண்டனில் இன்னும் விடியவில்லை, கேற் தாண்டினால் சரி என்று நினைத்தேன். தம்பிக்கு இந்தக் கிழமை இரவு வேலை என்பது நினைவில் இல்லை.

"அக்கா, எங்க வெளிக்கிட்டனீங்கள்?" என்றது தூண்.
தூணைப் பார்த்துத்தான் சொன்னேன். "முல்லைத்தீவுக்கு."
"சடங்கு முடியட்டும் எண்டு சொன்னது எல்லே."
"சடங்கு உன்ர மகளுக்கு. பிள்ளை பெத்துக் கிடக்கிறது என்ர மகள்."

அவன் பக்கத்தில் இரைச்சல் மட்டும், ஏதோ மெசின். போய்விட்டானோ என்று பார்த்தேன்.

"போய்ப் பாத்திட்டு வாங்கோ. தூக்காதேங்கோ. பின்னேரம் வந்திடுங்கோ அக்கா, அவவுக்கு நான் சொல்லேல்லை."

சரி என்றேன். சத்தியமாய்ப் பின்னேரம் வருகிற எண்ணத்தில்தான் சொன்னேன். கப் கேக்குக் கடதாசிகூட வருகிற வழியில் வவுனியாவில் வாங்க நினைத்தேன்.

அதே நாள், ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

கட்டிலடியில் போய் நின்றேன். இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிந்திப் போனவள் மாதிரி. பிள்ளை சின்னன், சிவப்பு, நெற்றி சுருங்கி, யாரோடோ கோபம். அடி வாங்கின தக்காளிப்பழம் மாதிரி இருக்கிறாள் என்று தர்சிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்து, தையல் நொந்து, நிறுத்திவிட்டாள். பிள்ளை அழத் தொடங்கியது. தர்சியால் எழும்ப முடியவில்லை, கை மட்டும் நீளுது, எட்டவில்லை. நான் அப்படியே நிற்கிறேன்.

நேர்ஸ் போகிற போக்கில், "அம்மம்மா தூக்குங்கோவன், என்ன வேடிக்கை பாக்கிறியள்" என்றா.

தூக்கக்கூடாது, துடக்கு, பின்னேரம் போகவேண்டும் என்று தர்சிக்குச் சொன்னேன். அவள் முகத்தை அங்கால் திருப்பவில்லை. அழவும் இல்லை. மெல்லக் கேட்டாள்.

"நீங்களும் தூக்கமாட்டியளோ அம்மா?"

தூக்கினேன். பட்டர் கட்டியை விடப் பாரம் இல்லை. தூக்கியதும் அழுகை நின்றது. என்னுடையது தொடங்கியது.

பின்னேரம் போன், ம. தம்பி சொல்லிவிட்டான் போல.
"பாத்தாச்சே மச்சாள்? தொடேல்லைத்தானே?"
"தொட்டது எண்டு சொல்லேலாது மச்சாள். மடியில நித்திரை கொள்ளுது."

போனைக் கையால் பொத்துகிற சத்தம். பிறகு தம்பியோடு அங்கே ஏதோ கதை. பிறகு, "அப்ப இஞ்ச வராதேங்கோ. முப்பத்தொண்டு கழியாமல் வாசலையும் மிதிக்காதேங்கோ."

"ஐயோ, மச்சாள், செடிக்குத் தண்ணி?"
"அதைச் சரசு பாப்பாள். நீங்கள் கேற்றடிக்கும் வரக்கூடாது."

இரண்டு வருசமாய் வெளியே போகாதே என்ற வாய், இன்றைக்கு உள்ளே வராதே என்றது. துடக்கு என்று அவாவே வைத்த சட்டம். அதை மீற அவாவுக்கே தைரியம் இல்லை. முப்பத்தொரு நாள். தர்சிக்குச் சொன்னேன். இந்த முறை தையலை மறந்து சிரித்தாள், பிறகு நோகுது என்று என்னைப் பேசினாள்.

ஆவணி 24, திங்கள், கொக்கிளாய்

கடல் காற்று. தகரக் கூரை முழுக்கச் சத்தம். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். தர்சிக்குச் சரக்குக் கறி காய்ச்சினேன். இங்கே ஒரே குசினி, மீன் எங்கே காய்ச்சலாம் என்ற கேள்வி இல்லை.

தம்பி ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். தம்பி எடுத்தான். திரைச்சீலை நல்லாய் இருக்காம். மருளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரும் படம் எடுக்கினமாம். கேக் வவுனியாக் கடையில் சொல்லியாச்சாம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, வீடு பாக்க வேற ஆள் பாப்பம் எண்டு அவ சொல்லுறா. சடங்கு முடியக் கதைப்பம்."
"சரி தம்பி."
"கோவமே?"
"இல்லையடா. பின்னறையில என்ர ரங்குப்பெட்டி, அவற்ர படம். அதை மட்டும் எறியாமல் வையுங்கோ."

போனை வைத்துவிட்டு விரலில் நாள் எண்ணினேன். முப்பத்தொன்று கழிய எங்கே போவது. இங்கே இரண்டு அறை, ஒன்றில் வலை. மருமகனிடம் நான் கேட்கவில்லை. பின்னேரம் அவனாகவே வலையைத் தூக்கி வெளியே கொட்டிலில் போட்டுவிட்டு, "அறை நாறும் மாமி, நாலு நாள் யன்னலைத் திறந்து விடோணும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவனுக்கு மணல் சட்டியில் கேக் போட்டேன். மணலுக்குக் குறை இல்லாத ஊர். தர்சிக்குப் பத்தியம், மணம் மட்டும்.

காலையில் எழும்பின கையோடு, பழக்கத்தில், சுவர் மூலையைப் பார்த்து "மாப்பிள்ளைக்கு வணக்கம்" என்றேன். மூலையில் ஒரு பல்லி. என்னைப் பார்த்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. தன்பாட்டில் போய்விட்டது.

யன்னலுக்கு ஒரு திரைச்சீலை தைக்க வேண்டும். மயில் நீலம் வேண்டாம். பிள்ளை எழும்பிவிட்டாள், இனி